காதில் அழுக்கு என்று சொல்லி 18 நாளைத் தின்றார்கள்

முதலில் நான் போனதே மொபைல் கடைக்குத்தான். காலையில் எழுந்து போனை இடது காதில் வைத்தால் சத்தமே இல்லை. ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்துக் கடைப் பையனிடம் நீட்டினேன். அவன் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்குண்ணே" என்றான். வலது காதுக்கு மாற்றிப் பார்த்தேன். கணீரென்று கேட்டது. வயிற்றைப் பிசைந்தது அப்போதுதான். முந்தின நாள் இரவு வரை இரண்டு காதும் எனக்கு ஒன்றுபோலத்தான் கேட்டன.

தெரு முனை கிளினிக்கில் டார்ச் அடித்துப் பார்த்தவர், "அழுக்கு அடைச்சிருக்கு, சளியும் இருக்கு" என்றார். சொட்டு மருந்து, ஐந்து நாள் மாத்திரை. போய் வந்தால் இன்னும் ஐந்து நாள், கூடவே தண்ணீர் பீய்ச்சிக் கழுவல். அழுக்கு வந்தது, கேட்கும் சத்தம் வரவில்லை. வந்தது வேறொன்று: அடங்காத குக்கர் விசில் மாதிரி ராத்திரி பகல் ஒரே கீச்சொலி.

11-ம் நாள், "இலவச காது பரிசோதனை" என்ற போர்டைப் பார்த்து ஒரு ஹியரிங் எய்டு கடைக்குள் நுழைந்தேன். என் புத்தி அது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த அறையில், ரோட்டு ஹாரன் எல்லாம் கேட்கிற இடத்தில் ஹெட்போன் மாட்டி டெஸ்ட் எடுத்தார்கள். "நரம்பு தூங்குது சார், லேசர் வச்சுத் தட்டி எழுப்பிடலாம். பத்து சிட்டிங், 18,000. நூத்துக்குத் தொண்ணூறு பேருக்குக் கேட்டிருக்கு. கேக்கலைன்னா மெஷின் போட்டுக்கலாம், உங்களுக்குன்னு 65,000-க்கு முடிச்சுத் தர்றேன்." வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். அது டாக்டர் கோட்டா, சேல்ஸ்மேன் கோட்டா என்று கேட்கத் தோன்றவில்லை. சர்க்கரை இருக்கிறதா என்று அவரும் கேட்கவில்லை. எனக்கு ஏழு வருடமாக இருக்கிறது.

எட்டாவது சிட்டிங் முடிந்து வீட்டுக்கு வந்தபோது நர்சிங் படிக்கும் தங்கை மகள் வந்திருந்தாள். "மாமா, கவட்டை மாதிரி ஒரு கம்பியைத் தட்டி நெத்தியில வச்சுப் பார்த்தாங்களா?" யாரும் வைக்கவில்லை. "சரி, ஒரு காதை விரலால நல்லா அடைச்சுக்கிட்டு 'ம்ம்ம்'னு சொல்லுங்க." சொன்னேன். நல்ல காதை அடைத்தால் சத்தம் அந்தப் பக்கமே போய் நிறைந்தது. நீங்களும் இப்போதே செய்து பாருங்கள், புரியும். காது வெறுமனே அடைத்திருந்தால் சத்தம் அடைத்த பக்கம்தான் தூக்கலாகக் கேட்குமாம். விரலை எடுத்துவிட்டுச் சும்மா முனகினாலும் எனக்குச் சத்தம் வலது பக்கமே போனது. "அப்ப இது அழுக்கு இல்ல மாமா" என்றவள், மறுநாளே அரசு மருத்துவக் கல்லூரிக்கு இழுத்துப் போனாள்.

அன்றைக்கு 19-ம் நாள். அதே கம்பியை நெற்றி நடுவில் வைத்தார் காது மூக்கு தொண்டை மருத்துவர். பிறகு சத்தம் புகாத கண்ணாடி அறையில் டெஸ்ட். இடது காதுக்கான நீலப் பெருக்கல் குறிகள் எல்லாம் தாளின் அடியில் கிடந்தன, 80 டெசிபலுக்குப் பக்கத்தில் (எண் ஏற ஏறக் காது மந்தம் என்று அர்த்தம்). மூன்று நாளுக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் (சத்தத்தின் சுருதி அளவுகளில்) கேட்கும் திறன் 30 டெசிபலோ அதற்கு மேலோ விழுந்தால் அது திடீர் நரம்புச் செவித்திறன் இழப்பு என்றார். காதைப் பொறுத்தவரை அது அவசரம். ஸ்டீராய்டு கொடுப்பதென்றால் முதல் இரண்டு வாரத்துக்குள் கொடுப்பதுதான் நல்லதாம். அந்த இரண்டு வாரத்தில்தான் நான் சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஏன் வந்தது என்று கேட்டேன். "பெரும்பாலானவங்களுக்குக் காரணமே கிடைக்காது. நரம்புல கட்டி இருக்கான்னு மட்டும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துடுவோம்." (எடுத்தாயிற்று, கட்டி இல்லை.) சரியாகிவிடுமா? "சொல்ல முடியாது. ஸ்டீராய்டே எல்லாருக்கும் கேக்குறதில்ல. சிலருக்கு மருந்தே இல்லாமத் தானாத் திரும்பிடும். அதனாலதான் இதுல யார் வேணாலும் நான்தான் குணப்படுத்தினேன்னு சொல்லிக்கலாம்." எனக்குச் சுருக்கென்றது. தொண்ணூறு சதவீதம் என்றவனுக்கு 18,000 எண்ணிக் கொடுத்த கை இது. சொல்ல முடியாது என்ற இவர் ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் முதல் நாளே இவரிடம் போயிருந்தால் "என்ன டாக்டர், தெரியாதுங்கிறார்" என்று நானே எழுந்து வந்திருப்பேனோ என்னவோ.

காலம் தாண்டியவர்களுக்கு, ஆறு வாரத்துக்குள் என்றால், செவிப்பறை வழியாக ஊசியில் ஸ்டீராய்டு விடலாம். ரத்தத்தில் அதிகம் கலக்காது, சர்க்கரைக்காரனுக்கு அது தேவலை. வாரம் ஒன்று, மொத்தம் நான்கு. வலது காதைத் தலையணையில் வைத்துப் படுக்கச் சொன்னார்கள். நல்ல காது மூடிக்கொண்டதும் மேலே சுற்றுகிற ஃபேன் ஊமையாகிவிட்டது. சில்லென்று ஏதோ உள்ளே இறங்கியது, கட்டில் ஒரு சுற்று சுற்றி நின்றது. அரை மணி நேரம் எச்சில் விழுங்காதே, பேசாதே என்றார்கள். எச்சில் விழுங்காமல் இருந்து பாருங்கள், அதுதான் ஊசியைவிடப் பெரிய தண்டனை.

நாலாவது ஊசிக்குப் பின் 80 என்பது 55 ஆகியிருக்கிறது. ஊசியாலா, தானாகவா என்று மருத்துவரே சொல்லவில்லை. கீச்சொலி இருக்கிறது. வண்டியில் போகும்போது ஹாரன் எந்தப் பக்கம் என்று தெரிவதில்லை, அதனால் பின்னால்தான் உட்காருகிறேன். மெஷின் தேவைப்படலாம். தேவைப்பட்டால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் உள்ள ஆடியாலஜிஸ்ட்டிடம், அதாவது செவித்திறன் நிபுணரிடம், போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்.

திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால், டார்ச் மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு அழுக்கு என்பவரிடம் இரண்டாவது முறை போகாதீர்கள். அன்றைக்கோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து ஆடியோகிராம் (அந்தக் கண்ணாடி அறை டெஸ்ட்) எடுத்துவிடுங்கள். சர்க்கரை, பிரஷர் இருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டுப் போனேன். மீதி இரண்டு சிட்டிங்கை முடிக்காததால்தான் கேட்கவில்லை என்றார்கள். ரசீதில் லேசர் என்ற வார்த்தையே இல்லை, "உபகரணப் பயன்பாட்டுக் கட்டணம்" என்று மட்டும் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லையாம், அங்கேயும் போகப் போகிறேன். நேற்று அந்தக் கடையிலிருந்தே ஒரு போன் வந்தது. வலது காதில் வைத்துக் கேட்டேன். பண்டிகைத் தள்ளுபடியாம், ஒரு மெஷின் வாங்கினால் பேட்டரி இலவசமாம்.