கவிழ்ந்த கயாக்கில் திரும்ப ஏற: பக்கவாட்டா, பின்பக்கமா, மிதிகயிறா?

கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் தூண்டில் ராடைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், ரீலைப் பற்றி இரண்டு மணி நேரம். கவிழ்ந்தால் எப்படி ஏறுவாய் என்று கேட்டால் மட்டும் "அதெல்லாம் ஏறிக்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நானும் நாலு வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊர்க் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவன் என்ற தெம்பு. மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, கோவளம் பக்கம் கழிமுகத்தில் வேண்டுமென்றே கவிழ்ந்து பார்த்தேன். நாலாவது முயற்சியில்தான் ஏற முடிந்தது. ஏறிய பிறகு பத்து நிமிஷம் துடுப்பைத் தொடவில்லை, அவ்வளவு மூச்சு வாங்கியது.

அதற்கப்புறம் நானும் நண்பனும் ஆறேழு ஞாயிறு இதையே வேலையாக வைத்துக்கொண்டோம். என்னுடையது 12 அடி நீளம், 34 அங்குல அகலம், மேலே உட்கார்ந்து துடுப்புப் போடும் வகை. அவனுடையது பெடல் வைத்தது, 36 அங்குலம், சாமான் இல்லாமலே 45 கிலோ இருக்கும். நான் 86 கிலோ, அவன் 62. இந்தக் கணக்கைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கீழே நான் "சுலபம்" என்று எழுதுவதெல்லாம் ஆளையும் படகையும் பொறுத்தது.

கட்டுமரத்தில் போனவர்களுக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். கட்டுமரம் கிட்டத்தட்ட நீர்மட்டத்திலேயே கிடக்கும். அலை மேலே ஏறினால் மரங்களின் இடுக்கு வழியாக இறங்கிப் போய்விடும். விழுந்தவர் நெஞ்சை மரத்தின் மேல் போட்டால் பாதி ஏறியாயிற்று. மேலே உட்காரும் கயாக்கும் அதே யோசனைதான், பிளாஸ்டிக்கில். தளத்தில் இருக்கும் ஓட்டைகள் தண்ணீரை வடித்துவிடும், இறைக்க வேண்டியதில்லை. ஆனால் மீன்பிடி கயாக் என்று விற்கும்போது அதன் மேல் ஒரு நாற்காலி, ராடு ஹோல்டர்கள், மீன் ஃபைண்டர், பின்னால் ஒரு பால் கிரேட் என்று வைத்து, கட்டுமரத்தின் அந்த ஒரு நல்ல குணத்தைக் கெடுத்துவிடுகிறோம்.

முதலில் திருப்ப வேண்டுமே

அகலமான கயாக் நேராக எவ்வளவு அசையாமல் நிற்குமோ, தலைகீழாகவும் அவ்வளவு அசையாமல் கிடக்கும். கடையில் இதை யாரும் சொல்வதில்லை. வெறுங்கையால் திருப்ப, கவிழ்ந்த அடிப்பாகத்தின் மேல் வயிற்றைப் போட்டு அந்தப் பக்க விளிம்பை எட்டிப் பிடித்து, பின்னால் சாய வேண்டும். 34 அங்குலத்துக்கு என் கை எட்டியது. 36 அங்குலத்துக்கு நண்பனின் கை எட்டவில்லை. தளத்து ஓட்டையில் விரலை விட்டு இழுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், படகு சட்டென்று திரும்பினால் விரல் உள்ளே மாட்டும்.

இன்னொரு வழி, பக்கக் கைப்பிடியில் நீளமாக ஒரு நாடாவைக் கட்டி வைப்பது. அதை அடிப்பாகத்தின் குறுக்கே வீசி, எதிர்ப்பக்கம் நீந்திப் போய், முழங்காலை விளிம்பில் ஊன்றி இழுத்தபடி மல்லாந்து விழுந்தால் படகு கூடவே திரும்பி வரும். நண்பன் வீட்டில் மிஞ்சிய நைலான் கட்டில் நாடாவை இரண்டரை மீட்டர் வெட்டிக் கட்டினான். ஈரத்தில் வழுக்கியது. ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு போட்ட பிறகு பிடி கிடைத்தது. இதில் ஒப்பிட ஒன்றுமில்லை. நாடா இல்லாமல் அகலப் படகை எடுத்துக்கொண்டு தனியாக வெளியே போகக்கூடாது.

பக்கவாட்டில்

எல்லோரும் முதலில் செய்யும் தப்பு, நீச்சல்குளச் சுவரில் ஏறுகிற மாதிரி விளிம்பை அழுத்தி உடம்பைத் தூக்குவது. கயாக் சுவர் இல்லை. அழுத்திய பக்கம் அமிழ்ந்து, மொத்தமும் உங்கள் தலைமேல் கவிழும். எனக்கு முதல் மூன்று தடவையும் நடந்தது இதுதான்.

கால் இரண்டையும் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, உடம்பைப் பலகை மாதிரி நீட்டி, வேகமாக உதைக்க வேண்டும். உதைக்கும்போதே அந்தப் பக்கக் கைப்பிடியை எட்டிப் பிடித்து, படகை உங்கள் வயிற்றுக்கு அடியில் இழுக்க வேண்டும். நீங்கள் ஏறுவதில்லை, படகு உங்களுக்குக் கீழே வருகிறது. இந்த வித்தியாசம் உடம்புக்குப் புரிய எனக்கு இரண்டு ஞாயிறு ஆயிற்று. தொப்புள் படகின் நடுக்கோட்டுக்கு வந்ததும் நிறுத்தி ஒரு மூச்சு விடலாம், அந்த நிலையில் படகு கவிழாது. அப்புறம் புரண்டு பின்புறத்தை இருக்கையில் வைத்து, கடைசியாகக் காலை உள்ளே எடுப்பது. வயிறு, பின்புறம், கால்: இந்த வரிசை மாறினால் மறுபடி தண்ணீர்தான். அவசரப்பட்டு எழுந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போய் விழுவார்கள்.

நாற்காலியைத் தாழ்வான நிலையில் வைத்தால் வேலை பாதி குறைகிறது. உயர்த்தி வைத்திருந்த அன்று அதன் சட்டம் என் விலாவில் இடித்தது. லைஃப் ஜாக்கெட்டின் முன் பையில் இருந்த கொறடும் தன் பங்குக்கு நெஞ்சைக் குத்தியது.

பின்பக்கம்

மீனவர்கள் சொல்வது போல அணியம் முன், அமரம் பின் என்று வைத்துக்கொண்டால், அமரம் வழியாக ஏறுவதுதான் பார்க்க எளிது. அங்கே படகு குறுகல். அழுத்தினால் நுனி அமிழுமே தவிர, படகு பக்கவாட்டில் புரளாது. குதிரைமேல் உட்காருவது போல இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு, தவளை மாதிரி முன்னால் நகர்ந்து போகலாம். தளம் காலியாக இருந்தபோது நாங்கள் இரண்டு பேரும் முதல் தடவையே ஏறினோம்.

அடுத்த வாரம் நிஜமாக மீனுக்குப் போவது போல சாமான்களை ஏற்றிப் பார்த்தோம். கிரேட் குறுக்கே நின்றது. அதில் நட்டிருந்த ராடு முகத்துக்கு நேரே. சுக்கானின் போல்ட் என் தொடையில் ஒரு சாண் நீளம் கோடு போட்டது. நல்லவேளையாகத் தூண்டில் முள்ளை அன்று கழற்றி வைத்திருந்தோம். பாப்பர் என்ற செயற்கை இரையில் மூன்று முனை முள் தொங்கிக்கொண்டிருந்தால் கதை வேறு. காலித் தளத்துக்கு முதல் பரிசு, சாமான் ஏற்றிய தளத்துக்குக் கடைசி இடம்.

மிதிகயிறு

கயிற்றில் ஒரு வளையம் போட்டு, தண்ணீருக்குள் தொங்கவிட்டு, காலை வைத்து ஏறுவது. கேட்க அருமையாக இருக்கும். முதல் தடவை ஏறும் பக்கத்துக் கைப்பிடியிலேயே கட்டினேன். மிதித்ததும் அந்தப் பக்கம் இறங்கியது, படகு என்மேல் சாய்ந்தது. எதிர்ப்பக்கக் கைப்பிடியில் கட்டி, தளத்தின் குறுக்கே கொண்டுவந்து இந்தப் பக்கம் தொங்கவிட வேண்டும். அப்போது இழுப்பு படகுக்குக் குறுக்கே பரவுகிறது.

அடுத்த தொல்லை, மிதித்த கால் படகுக்கு அடியில் ஓடுவது. உடம்பு மல்லாந்து போகும். முழங்காலை மடக்கி, பாதத்தை நம் இடுப்புக்கு நேர் கீழே வைத்துக்கொண்டு, மிதிப்பதும் நெஞ்சை முன்னால் போடுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். வளையம் தண்ணீரில் சுருண்டு மூடிக்கொள்ளும் என்பதால், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பழைய ஹோஸ் குழாயில் ஒரு துண்டு வெட்டி அதில் கோர்த்தேன். வாய் திறந்தபடியே நின்றது. பயம் ஒன்று உண்டு: காலில் கயிறு மாட்டிய நிலையில் திரும்பக் கவிழ்ந்தால் ஆபத்து. அதனால் ஜாக்கெட்டிலேயே கத்தி இல்லாமல் இதைத் தொட மாட்டேன். அலை இருக்கும் இடத்தில் அவசரத்துக்குத்தான்.

துடுப்பு நுனியில் காற்றுப் பை மாட்டி ஊன்றுகோலாக வைக்கும் முறையும் இருக்கிறது. உள்ளே உட்காரும் குறுகலான கயாக்குக்கு அது கைகண்ட வழி. எங்கள் அகலப் படகில், தண்ணீரில் மிதந்தபடி பையை வாயால் ஊதிக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு தடவை ஏறியிருக்கலாம். கிரீன்லாந்துக்காரர்கள் போல இடுப்பைச் சுழற்றி அப்படியே நிமிர்வதைப் பற்றி நண்பன் கேட்டான். 36 அங்குலத்திலா? நாற்காலியோடா?

கூட வந்தவர் தன் கயாக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து, நம் படகின் விளிம்பின் மேல் சாய்ந்து பிடித்துக்கொள்ள, நாம் மறுபக்கத்திலிருந்து ஏறுவதுதான் எல்லாவற்றிலும் லேசு. ஆனால் கொடுவா மீன் இரையை அடிக்க ஆரம்பித்துவிட்டால் கூட வந்தவர் அரை கிலோமீட்டர் தள்ளி இருப்பார். அவரை நம்பி மற்றதைப் பழகாமல் விடக்கூடாது.

மூன்றாவது தடவை

களைப்பில்லாத ஆளுக்கு எல்லா முறையும் நன்றாகத்தான் இருக்கும். அதனால் ஒரு விதி வைத்தோம்: ஏறியதும் உட்காராமல் உடனே மறுபடி விழ வேண்டும், தொடர்ந்து மூன்று தடவை. அலையில் ஒரு தடவை கவிழ்ந்தவர் இன்னொரு தடவையும் கவிழ்வார் என்பதுதான் கணக்கு.

நண்பன் பக்கவாட்டில் மூன்றையும் முடித்தான், மூன்றாவது கொஞ்சம் திணறல். எனக்குப் பக்கவாட்டில் இரண்டுதான் ஓடியது. மூன்றாவதில் கை இழுக்க மறுத்தது. மிதிகயிற்றைப் போட்டேன், கால் பலம் மிச்சம் இருந்ததால் ஏறிவிட்டேன். அன்றைக்கு முடிவு செய்தேன்: என் எடைக்கு முதல் வழி பக்கவாட்டு, கைவசம் மிதிகயிறு.

ஒரு ஞாயிறு மட்டும் எதுவுமே பலிக்கவில்லை. ஏறிய மறு நொடி படகு சாய்ந்தது. கரைக்கு இழுத்து வந்து பார்த்தால், முன் மூடியின் ரப்பர் சரியாக உட்காராமல் படகின் வயிற்றுக்குள் இரண்டு குடம் தண்ணீர். உள்ளே தண்ணீர் ஓடியாடும் படகில் எந்த முறையும் நிற்காது.

லைஃப் ஜாக்கெட்டிலும் இதே கதை. காற்று நிரம்பும் வகை போட்டுக்கொள்ளச் சுகம், வெயிலுக்கு இதம். ஊதிப் பெருத்த பிறகு வயிற்றைப் படகில் போட முடியாது. ஊதுகுழாய் வழியாகப் பாதிக் காற்றை வெளியேற்றினால்தான் ஏறலாம். நான் நுரை வைத்ததற்கே திரும்பிவிட்டேன். கொறடு இப்போது இடுப்புப் பக்கம்.

பழகும் இடத்தில் கால் தரையில் படக்கூடாது. பழவேற்காடு ஏரி கண்ணுக்கு விரிந்து கிடந்தாலும் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான், அங்கே பழகினால் நம்மையே ஏமாற்றிக்கொள்வோம். அதே நேரம் முகத்துவாரத்தை ஒட்டியும் வேண்டாம், வற்றத்தில், அதாவது கடல்மட்டம் இறங்கும் நேரத்தில், தண்ணீர் கடலுக்கு இழுக்கும். கடலில் கவிழ்ந்தால் படகை விட்டுக் கையெடுக்காதீர்கள், காற்று காலிப் படகைத் தள்ளும் வேகத்துக்கு நீந்த முடியாது. கரையலை உடையும் இடத்தில் படகுக்கும் கரைக்கும் நடுவில் நிற்காமல், கடல் பக்கமாக இருங்கள். இல்லாவிட்டால் நாற்பது கிலோ நெஞ்சில் வந்து மோதும்.

நண்பன் இன்னமும் பின்பக்கக் கட்சிதான். கிரேட்டை எடுத்துவிட்டுச் சின்னப் பையை நாற்காலிக்கு அடியில் கட்டியிருக்கிறான், சுக்கான் போல்ட்டுக்கு ரப்பர் மூடி போட்டிருக்கிறான். "இப்ப வாடா, மூணு தடவை பார்க்கலாம்" என்கிறான். ஞாயிறு வற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.