அளக்காமல் பற்றரி மாற்றச் சொல்லும் கராஜ்: பழைய கார் வைத்திருக்கும் திருகோணமலை மக்களின் கவனத்திற்கு

பற்றரி அடிக்கடி இறங்குகிறது என்று காரைக் கராஜுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள், இதை வாசித்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். நகரில் உள்ள ஒரு கராஜ், தேவையில்லாத ஒரு பற்றரியையும், இயந்திரம் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஓல்ட்டனேற்றர் ஒன்றையும் தேவையில்லாமல் என் தலையில் கட்டியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது என்பதால், நம்மில் பலர் இன்னமும் இருபது வருடத்துக் கார்களையே ஓட்டுகிறோம். இந்த ஏமாற்று நம்மைப் போன்றவர்களையே குறிவைக்கிறது.

என்னுடையது 2001 ஆம் ஆண்டு நிசான் சன்னி. வெள்ளி மாலை நிறுத்திவிட்டுத் திங்கள் காலை சாவியைத் திருப்பினால், 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். கராஜில் இருந்தவர், இறங்கிக் கிடந்த பற்றரியிலேயே ரெஸ்ரரை வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, பற்றரி செத்துப்போச்சு, இனி எழும்பாது" என்றார். இறங்கிய பற்றரி எதுவாக இருந்தாலும் அந்தச் சோதனையில் தோற்கத்தான் செய்யும். முதலில் முழுமையாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓயவிட்டு, ஏறக்குறைய 12.6 வோல்ற்று நிற்கிறதா என்று பார்த்த பிறகே அதன் நலத்தைச் சொல்ல முடியும். அதைச் செய்யாமல் புதியதைப் பூட்டி, பழையதை விலையில் கழித்துக்கொண்டு தாமே வைத்துக்கொண்டார்கள். பழைய பற்றரி நல்லதா கெட்டதா என்று வேறிடத்தில் காட்டிப் பார்க்கும் வழியும் அத்துடன் அடைபட்டது.

புதிய பற்றரியும் அடுத்த திங்களே படுத்தது. இம்முறை ஓல்ட்டனேற்றரில் பழி விழுந்தது. இயந்திரம் ஓடும்போது பற்றரி முனைகளில் மீற்றரை வைத்து, 13.8க்கும் 14.5க்கும் இடையில் வோல்ற்று இருந்தால் ஓல்ட்டனேற்றர் சார்ஜ் செய்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை. மின்னை ஒரு திசையில் மட்டும் போகவிடும் டயோட், ஓல்ட்டனேற்றருக்குள் பழுதானால், கார் நிற்கும்போதும் மின் கசியலாம் என்பது உண்மைதான். ஆனால் அதன் தடித்த வயரைக் கழற்றி, கசிவு குறைகிறதா என்று பார்த்த பிறகல்லவா அப்படிச் சொல்ல வேண்டும்? எதையும் அளக்காமல் ரீகண்டிஷன் ஓல்ட்டனேற்றர் ஒன்றைப் பூட்டினார்கள். அதுவும் பயன்படாதபோது, முழு வயரிங்கையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அங்கேதான் நான் காரை எடுத்துக்கொண்டு வந்தேன்.

உப்புவெளியில் இருக்கும் உறவினர் ஒருவர், வாகன மின்வேலையில் நீண்டகாலம் இருந்தவர், கையில் ஒரு சாதாரண மல்ரிமீற்றருடன் வந்தார். சாவியை எடுத்து, கதவுகளை மூடி, பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் மைனஸ் முனைக்கும் நடுவே மீற்றரை 10 அம்பியர் துளையில் இணைத்தார். "பிள்ளை, இப்ப சாவியைத் தொடாதே, ஸ்ரார்ட் பண்ணினால் மீற்றரின் பியூஸ் போயிரும்" என்றார். காரில் உள்ள மின்னணுப் பெட்டிகள் உறங்குவதற்காக அரை மணி நேரம்போலக் காத்திருந்தோம். இப்படிப்பட்ட காரில் 0.05 அம்பியருக்குள் நிற்க வேண்டிய மீற்றர் 0.42 காட்டியது. ஒரு நாளைக்குப் பத்து அம்பியர் மணி போகிறது என்று அதற்குப் பொருள். என் காரில் உள்ளதோ முழுதாகச் சார்ஜ் செய்தாலும் 35 அம்பியர் மணி மட்டுமே கொள்ளும் பற்றரி. வெள்ளி மாலைக்கும் திங்கள் காலைக்கும் இடையில் என்ன நடந்தது என்பதற்கு அந்த ஓர் எண்ணே விடை சொன்னது.

பியூஸ்களை ஒவ்வொன்றாக இழுத்தும் மீற்றர் அசையவில்லை. அப்போதுதான் பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து தனியே ஓடிய ஒரு சிவப்பு வயரையும், அதன் நடுவே தொங்கிய சிறு பியூஸ் கூட்டையும் அவர் கவனித்தார். அந்தப் பியூஸை எடுத்ததும் எண் 0.02க்கு இறங்கியது. வயர் போய்ச் சேர்ந்த இடம், ஆசனத்தின் அடியில் முன்னைய உரிமையாளர் பூட்டியிருந்த பாட்டுப் பெட்டியின் அம்ப்ளிபையர். சாவி வெளியில் இருக்கும்போதே அதன் மேற்பகுதி கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. அதை எழுப்பும் மெல்லிய வயரை, சாவி போட்டால் மட்டும் மின் வரும் வயரில் இணைக்காமல், எப்போதும் மின் இருக்கும் வயரோடு முறுக்கி ரேப் சுற்றியிருந்தார்கள். முன்னைய உரிமையாளர் தினமும் கந்தளாய் வரை போய்வந்தவர். இரவில் இழந்தது பகலில் திரும்பவும் ஏறியிருக்கும். என்னிடம் வந்து வார இறுதியில் நிற்கத் தொடங்கியதும்தான் குறை வெளிப்பட்டது. ஒரு வயரை இடம் மாற்றியதோடு எல்லாம் சரியாயிற்று.

கராஜுக்குத் திரும்பிப் போய்க் கேட்டபோது, "நீங்க ஓம் எண்டு சொல்லித்தானே மாத்தினது" என்பதே பதில். பில்லில் 'மின்வேலை' என்று ஒற்றைச் சொல்லும் மொத்தத் தொகையும் மட்டுமே இருந்தன. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறைப்பாடு செய்யலாம். ஆனால் மாற்றிய பொருள், அதன் உத்தரவாதக் காலம், கூலி ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்ட பில் கையில் இருந்தால்தான் பேச இடம் இருக்கும். ஆகவே பற்றரியைக் கழற்ற விடுவதற்கு முன், கார் உறங்கும்போது எத்தனை அம்பியர் போகிறது என்று உங்கள் கண்முன்னே அளக்கச் சொல்லி, அந்த எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள். அளக்க மறுத்தால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.