பனிச்சிறுத்தைப் பயணத்துக்குப் பணம் கட்டப் போகிறவர்களுக்கு: கிப்பரில் எங்களுக்கு நடந்தது

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்கு ஜனவரி, பிப்ரவரியில் போகும் பயணங்களுக்கான விளம்பரங்கள் இப்போதே வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிட்டன. "பனிச்சிறுத்தை 95% உறுதி", "பிரபல காட்டுயிர்ப் புகைப்படக் கலைஞர் கூடவே வருவார்", "இன்னும் இரண்டே இடம்தான்". போன குளிர்காலத்தில் இதே வாசகங்களைப் பார்த்துப் பணம் கட்டிப் போன குழுவில் நானும் இருந்தேன். எங்களுடன் வந்த ஒருவர் இன்று உயிரோடு இருக்கிறார் என்றால் அதற்குக் காரணம் கிப்பர் ஊர்க்காரர்கள். பணம் வாங்கிய நிறுவனம் அந்த ராத்திரி எதற்கும் உதவவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் தொழில் நடத்தும் விதத்தை எழுதுகிறேன். இதே விதத்தில் இன்னும் சிலர் நடத்துகிறார்கள் என்று அந்த ஊரிலேயே சொன்னார்கள்.

பனிச்சிறுத்தையை நல்ல படமாக எடுக்க முடியவில்லை என்று நான் புகார் சொல்லவில்லை. 2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருப்பவை மொத்தமே 718. லடாக்கில் 477, உத்தராகண்டில் 124, இமாசலத்தில் 51. அத்தனை பெரிய மலைகளில் அவ்வளவுதான். பாறை நிறத்திலேயே இருக்கும் அந்த விலங்கு பகல் முழுக்க ஒரு விளிம்பில் அசையாமல் படுத்திருக்கும். நேர் எதிரே நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டுகிறேன் என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது. அந்த 95% எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது "போன சீசன்ல எல்லா பேட்ச்சுக்கும் கிடைச்சுது சார்" என்றார்கள். அப்படி இல்லை என்று கிப்பர் போன பிறகு தெரிந்தது.

கிப்பருக்குக் கூட்டம் போவதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசாவுக்கு (Kaza) மேலே, சுமார் 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. பக்கத்திலேயே செங்குத்தான பள்ளத்தாக்கு. குளிர் ஏறினால் ஐபெக்ஸ் காட்டாடுகளும் பாரல் என்கிற நீல ஆடுகளும் உச்சிப் பனியை விட்டுக் கீழே இறங்கும், அவற்றின் பின்னாலேயே பனிச்சிறுத்தையும் இறங்கும். இனச்சேர்க்கைக் காலமும் ஜனவரி முதல் மார்ச் வரைதான். பள்ளத்தின் இந்த விளிம்பில் நின்றுகொண்டு எதிர்ச் சுவரைப் பார்க்க முடிகிற இடம் இமயமலையில் அதிகம் கிடையாது. ஆனால் 'பார்ப்பது' என்றால் பெரும்பாலும் பல நூறு மீட்டர் தூரத்தில். 600 எம்எம் தொலைதூர லென்ஸில்கூட விலங்கு சட்டத்தின் நடுவில் சின்னதாகத்தான் தெரியும். விளம்பரத்தில் மீசை முடி எண்ணுகிற அளவுக்கு நெருக்கமான படம் போட்டிருந்தால், அது எந்த வருடம், எந்த இடம், யார் எடுத்தது என்று கேளுங்கள். எங்கள் விளம்பரத்தில் இருந்த படங்களில் ஒன்றுகூட அவர்கள் பயணத்தில் எடுத்ததில்லை.

கூட வருவதாகச் சொன்ன புகைப்படக் கலைஞர் வரவில்லை. சண்டிகரில் இறங்கியதும் "அவருக்கு வேற கமிட்மென்ட் வந்துடுச்சு" என்று ஒரு இளைஞரைக் காட்டினார்கள். அவர் ஸ்பிட்டி குளிரை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஊர் திரும்பியதும் அந்தப் புகைப்படக் கலைஞருக்கே எழுதிக் கேட்டேன். அந்தத் தேதிக்கு வருவதாக அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. கேட்காமலேயே பெயரைப் போட்டிருக்கிறார்கள். வெளிக் குளிரிலிருந்து கேமராவை நேரே சூடான அறைக்குள் கொண்டுவந்தால் லென்ஸுக்குள் ஈரம் படியும், பையை நன்றாக மூடி உள்ளே வைத்து, சூடு மெல்ல ஏறிய பிறகுதான் திறக்க வேண்டும். குளிர்ப் பயணத்தில் முதலில் சொல்லித்தர வேண்டிய பாடம் இது. அதைக்கூட அந்த இளைஞர் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு பேரின் லென்ஸ் முதல் ராத்திரியே உள்ளே பனிமூட்டம் கட்டிவிட்டது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பயணத் திட்டத்தில் அவர்கள் செய்த வேலையைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

குளிர்காலத்தில் குன்சும் கணவாய் மூடிவிடும். அதனால் மணாலி வழி கிடையாது. சிம்லா, கின்னௌர் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். காசா வரை 400 கிலோமீட்டருக்கு மேல். இந்தச் சுற்று ஒரு விதத்தில் நல்லது, உடம்பு உயரத்துக்கு மெல்லப் பழகும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இன்று தூங்கும் இடம் நேற்று தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. நடுவில் ஓய்வு நாளும் வேண்டும். எங்களுக்கு அனுப்பிய அட்டவணையில் கல்பா, டாபோ, காசா என்று ஊர் ஊராகத் தங்கிப் போவதாக எல்லாம் ஒழுங்காக இருந்தது. காசாவில் ஒரு முழு நாள் ஓய்வும் இருந்தது. நடந்ததோ வேறு. நடுவில் ஒரே ஒரு ராத்திரி ரெக்காங் பியோவில் தங்கவைத்தார்கள். மறுநாள் விடியுமுன் கிளப்பி, டாபோவில் டீ மட்டும் குடிக்கவைத்து, காசாவிலும் நிற்காமல் இருட்டும் நேரத்தில் கிப்பரில் இறக்கிவிட்டார்கள். அதாவது சுமார் 2,300 மீட்டரில் தூங்கி எழுந்தவர்கள் அடுத்த ராத்திரி 4,200-இல் படுக்கிறோம். கேட்டதற்கு "ரோடு மூடிடும்னு சொல்றாங்க, சீக்கிரம் மேல போயிட்டா உங்களுக்குத்தான் ஒரு நாள் எக்ஸ்ட்ரா" என்றார் நிறுவனத்தின் ஆள். ரோடு மூடவில்லை. டாபோ, காசா அறை வாடகையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

எங்கள் குழுவில் கோவையிலிருந்து வந்த அறுபது வயதைத் தாண்டிய ஒரு அண்ணன் இருந்தார். இரவு உணவைத் தொடவில்லை. தலைவலி, வாந்தி. நிறுவனத்தின் ஆள் "எல்லாருக்கும் வர்றதுதான், காலைல சரியாயிடும்" என்று ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். நள்ளிரவுக்கு மேல் அண்ணனுக்கு இருமல் வந்தது. சும்மா உட்கார்ந்திருந்தபோதே மூச்சு வாங்கியது. அந்த உயரத்தில் நல்ல உடம்புக்கே, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி 85-ஐ ஒட்டித்தான் காட்டும். அவருக்கு 61 காட்டியது. ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதே என்று வண்டியிலிருந்து எடுத்துவரச் சொன்னோம். வந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள், பார்த்தால் நல்ல சிலிண்டர். ஆனால் அதன் தலையில் மாட்டும் ரெகுலேட்டர் இல்லை, வால்வைத் திறக்கும் சாவியும் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் வெறும் கையால் திருகிப் பார்த்துக்கொண்டு நின்றார் அந்த ஆள். எங்கள் விளம்பரத்தில் "24 மணி நேர ஆக்சிஜன் வசதி" என்று எழுதியிருந்தது இதைத்தான்.

நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கி ஓடினார். நாலைந்து வீடு தள்ளி வேறொரு குழு தங்கியிருந்தது. அவர்களுடைய சிலிண்டரையும், அவர்களுடைய ஓட்டுநரையும், சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் டெம்போ டிராவலருக்குச் சங்கிலியே கிடையாது. பனி உறைந்த வளைவுகளில் அந்த ஓட்டுநர் கீ மடாலயத்தைத் தாண்டி காசா அரசு மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் மருத்துவர். ஆக்சிஜன் கொடுத்து, விடிந்ததும் இன்னும் கீழே இறக்கச் சொன்னார். அண்ணன் தேறிவிட்டார். அந்த ஓட்டுநர் எங்களிடம் டீசல் காசுக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள்தான் வீட்டுக்காரர் என்னிடம் மனம் விட்டுப் பேசினார். தந்தூர் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கிப்பரில் விலங்கைக் கண்டுபிடிப்பவர்கள் உள்ளூர்ப் பையன்கள். மைனஸ் இருபதில், விடிவதற்கு முன்பே ஸ்கோப் என்கிற தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு விளிம்புகளில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு பாறையாகத் தேடி, வாக்கி டாக்கியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். இவர்கள் இல்லாமல் யாருக்கும் அங்கே ஒன்றும் கிடைக்காது. அனுபவமுள்ள மூன்று பேர் எங்களுக்கு வருவார்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வந்தது ஒரே ஒரு சின்னப் பையன், கையில் ஒரு பைனாகுலர். ஏனென்றால் முந்தைய சீசனில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த நிறுவனம் பாக்கி வைத்திருக்கிறது. வீட்டுக்காரர் தன் போனைக் காட்டினார். மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை அவர் அனுப்பிய செய்திகள் வரிசையாக இருந்தன; பதிலுக்கு ஒவ்வொரு முறையும் "அடுத்த வாரம் உறுதியாகப் போடுகிறேன் பாய்" என்று இந்தியில் ஒரு வரி. பாக்கி வைத்தவர்களுக்கே மறுபடி ஏன் வீட்டைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கொடுக்காவிட்டால் பழைய பணமும் வராது என்றார்.

எங்களிடம் தலைக்கு ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் வாங்கியவர்கள், மூன்று வேளை சாப்பாடும் அடுப்புக்கு விறகும் சேர்த்து அந்த வீட்டுக்கு ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய் பேசியிருக்கிறார்கள். அதையும் கொடுப்பதில்லை. குழாயில் தண்ணீர் உறைந்துபோன ஊரில் ஊற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து எங்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார் அந்த வீட்டு அம்மா. அந்த 1,200 ரூபாய் கணக்கைக் கேட்ட பிறகு அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் விலங்கு கிடைத்தது. மற்றக் குழுக்களின் பையன்கள் எங்களையும் கூப்பிட்டார்கள். எதிர்ச் சுவரில் ஒரு ஐபெக்ஸை அடித்துப்போட்டுவிட்டுப் பக்கத்தில் படுத்திருந்தது. ஒரு பையன் தன் ஸ்கோப்பை விட்டு விலகி என்னைப் பார்க்கச் சொன்னான். உடம்பைச் சுற்றி மடக்கிவைத்த வால், நுனி மட்டும் அசைந்தது. அவ்வளவு பெரிய இரை என்றால் சில நாட்கள் அங்கேயே இருந்து சாப்பிடும். எல்லோரும் ரோட்டு விளிம்பிலேயே அமைதியாக நின்றால் எல்லோருக்கும் படம் கிடைக்கும். எங்கள் ஆளோ "இங்கேர்ந்து எடுத்தா புள்ளி மாதிரிதான் வரும், கீழ ஒரு திட்டு இருக்கு, வாங்க" என்று சிலரைச் சரிவில் இறக்கினார். பையன்கள் கத்தித் தடுத்தார்கள். கல் உருண்டது. விலங்கு தலையைத் தூக்கிப் பார்த்தது, எழுந்து மேலேறிப் பாறைக்குப் பின்னால் போய்விட்டது. நாங்கள் இருந்த வரை இரைக்குத் திரும்பவில்லை. 1990-களின் கடைசியிலிருந்தே இந்த ஊர்க்காரர்கள் தங்கள் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அங்கே ஆடு மாடு விடாததால்தான் பாரல்கள் பெருகின. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை அவர்களோடு சேர்ந்து செய்த வேலை அது. அப்படிக் காப்பாற்றிய விலங்கை ஒரு 'ஃபுல் ஃபிரேமுக்காக' இரையிலிருந்து விரட்டினால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? அன்று சாயங்காலம் எங்கள் குழுவோடு ஊரில் யாரும் பேசவில்லை.

திரும்பும்போது காசாவில் கடைசி வேலையைக் காட்டினார்கள். போகிற வழியில் மலிங் பக்கம் நிலச்சரிவு, மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும், தலைக்கு ஒன்பதாயிரம் ரொக்கம் என்றார்கள். ரசீது கிடையாது. பணம் வரும் வரை சாமான் இருந்த வண்டியைத் திறக்கவில்லை. சரிவை மத்தியானத்துக்குள் அகற்றிவிட்டார்கள். அதே வண்டி, அதே ரோடு. ஓட்டுநரிடம் விசாரித்தோம், அவருக்கு அதில் ஒரு பைசா போகவில்லை.

போக விரும்புகிறவர்கள் தாராளமாகப் போங்கள். ஆனால் பணம் கட்டுமுன் தங்கும் வீட்டின் பெயரையும் எண்ணையும் கேட்டு வாங்கி, நீங்களே போன் செய்து பேசுங்கள். இந்த நிறுவனம் பாக்கி வைத்திருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள்; ஸ்பிட்டி மக்கள் மறைக்க மாட்டார்கள். எந்தப் பையன்கள் வருகிறார்கள், அவர்களுக்கு நாள் சம்பளம் யார் எப்போது கொடுக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். வீட்டு எண்ணைத் தரத் தயங்கும் நிறுவனத்துக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு ராத்திரியும் எந்த ஊரில் தூக்கம் என்று உயரத்தோடு எழுதி வாங்குங்கள். புறப்படும் நாளன்று சிலிண்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மாஸ்க்கில் காற்று வர வேண்டும், அளவு காட்டும் முள் நகர வேண்டும். இதயம், நுரையீரல் தொந்தரவு இருப்பவர்கள் உங்கள் மருத்துவரைப் பார்க்காமல் கிளம்பவே வேண்டாம்.

ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டவர்கள், மேலே சொன்னதையெல்லாம் இன்றே மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் வேண்டாம். விளம்பரத்தையும் அட்டவணையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வந்த விளம்பரத்தை அவர்கள் பிறகு அழித்துவிட்டார்கள், குழுவில் ஒருவர் சேமித்து வைத்திருந்ததுதான் இப்போது ஆதாரம். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, அரசின் இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் பதிய வேண்டும். எங்கள் மனுவில் கிப்பர் வீட்டுக்காரருக்கு வர வேண்டிய பாக்கியைச் சேர்க்க முடியாது என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். அதனால் குழுவில் இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அந்தப் பணத்தை நேராக அவருக்கும் பையன்களுக்கும் அனுப்பிவைத்தோம்.