வீட்டுக் கணினியில் 46,000 படங்கள்: டிஜிகாமோடு ஏழு ஆண்டுகள்

எங்கள் வீட்டுக் கணினியில் இப்போது 46,000-க்குச் சற்று மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. 2007-இல் வாங்கிய முதல் டிஜிட்டல் கேமராவில் எடுத்தவை, அடுத்தடுத்து வந்த செல்பேசிகளில் எடுத்தவை, உறவினர்கள் பென் டிரைவில் கொடுத்தவை, அம்மாவின் பழைய ஆல்பங்களிலிருந்து ஸ்கேன் செய்தவை என எல்லாம் ஒரே கூரையின்கீழ் உள்ளன. 2018 முதல் இவற்றை டிஜிகாம் என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு பராமரித்து வருகிறேன். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும் இதற்குக் கட்டணம் இல்லை. ஏழு ஆண்டுப் பழக்கத்தில் எனக்குத் தெரியவந்ததை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

அதற்கு முன்பு பிக்காசாதான். கூகுள் 2004-இல் வாங்கி இலவசமாக வழங்கிய அந்த மென்பொருளைப் போல எளிமையான ஒன்றை அதன்பின் நான் பார்க்கவில்லை. 2016 மார்ச்சில் அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. நிறுவியிருந்தவர்களுக்கு அது தொடர்ந்து இயங்கியதால் நானும் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். படத்தை வெட்டினாலும் வெளிச்சத்தைக் கூட்டினாலும், 'சேமி' என்று சொல்லாதவரை பிக்காசா மூலப் படத்தைத் தொடாது. செய்த மாற்றங்களை அந்தந்தக் கோப்புறையில் உள்ள மறைகோப்பு ஒன்றில் எழுதி வைத்துக்கொள்ளும். மூலப் படத்துக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் வேறு கணினிக்கு மாறும்போது படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால், திருத்தங்கள் அனைத்தும் பழைய இடத்திலேயே தங்கிவிடும். அப்படித்தான் நான் நகலெடுத்தேன். மூன்று ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து செய்த திருத்தங்கள் புதிய கணினிக்கு வந்து சேரவில்லை.

அந்த இழப்புக்குப் பிறகு ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பது ஒன்றே: நான் எழுதும் பெயரும் தேதியும் குறிப்பும் படக்கோப்பின் உள்ளேயே பதிகின்றனவா, அல்லது மென்பொருளின் தரவுத்தளத்தோடு நின்றுவிடுகின்றனவா? டிஜிகாம் தரவுத்தளத்தையும் வைத்துக்கொள்கிறது. நாம் சொன்னால் அதே விவரங்களைப் படத்துக்குள்ளும் எழுதுகிறது. முதன்முறை நிறுவும்போதே இதைப் பற்றி ஒரு கேள்வி வரும். அவசரத்தில் தாண்டிச் செல்லாமல், விவரங்களைக் கோப்புகளில் சேர்க்கச் சொல்லிவிட வேண்டும். நாளை டிஜிகாமே இல்லாமல் போனாலும், படத்தைத் திறக்கும் வேறு மென்பொருள் அந்த விவரங்களைப் படித்துக்கொள்ளும்.

படத்தைப் பின்னால் தேடி எடுக்க உதவும் சிறு அடையாளச் சொல்லான குறிச்சொல்லைத் தமிழில் இடுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. படத்துக்குள் குறிச்சொற்களை எழுத ஐபிடிசி, எக்ஸ்எம்பி என்று இரண்டு முறைகள் புழக்கத்தில் உள்ளன. பழைய முறையான ஐபிடிசியில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்டுதான் இடம். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 என்னும் யூனிகோடு முறையில் எழுதும்போது தமிழின் ஒவ்வொரு எழுத்துக்குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. நான் வைத்திருந்த 'மாமாவின் அறுபதாம் கல்யாணம்' என்ற குறிச்சொல்லுக்கு 74 பைட் தேவை. அந்த வரம்புக்குள் 'மாமாவின் அறுபதாம் கல்ய' என்பது வரைதான் அடங்கும். எக்ஸ்எம்பியில் இந்த நெருக்கடி இல்லை. ஆகவே எக்ஸ்எம்பியை நம்பியே தமிழில் எழுதுகிறேன். குறிச்சொல்லையும் 'மாமா', 'அறுபதாம் கல்யாணம்' என்று இரண்டாகப் பிரித்து வைக்கிறேன். பிரித்து வைத்ததில் தேடுவதும் எளிதாகிவிட்டது.

தேதி விஷயத்தில்தான் அதிக உழைப்பு தேவைப்பட்டது, அதிகப் பயனும் கிடைத்தது. ஒரு படத்தை நகலெடுத்தால் விண்டோஸ் காட்டும் 'உருவாக்கிய தேதி' நகலெடுத்த நாளாக மாறிவிடும். படம் எடுக்கும்போதே கேமரா கோப்புக்குள் எழுதும் 'எக்சிஃப்' தேதி மட்டும் மாறாமல் இருக்கும். வரிசைப்படுத்த அதையே நம்ப வேண்டும். ஆனால் கேமராவின் கடிகாரமே தவறாக இருந்தால்? என் தங்கையின் கல்யாணத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா தம் கேமராவின் நேரத்தை மாற்றாமலேயே படம் எடுத்திருந்தார். எங்கள் கேமராவில் தாலி கட்டும் படம் காலை 8:12. அவருடையதில் அதே நொடி 10:42. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தபோது, பந்தியில் இலைபோட்டுச் சாப்பிட்டு முடித்தவர்களுக்குப் பிறகு மணமகன் தாலியை எடுத்துக்கொண்டிருந்தார். டிஜிகாமில் நேரத்தைச் சரிசெய்வதற்கென்றே ஒரு கருவி உள்ளது. சித்தப்பாவின் 312 படங்களையும் தேர்ந்தெடுத்து, இரண்டரை மணிநேரத்தைக் கழிக்கச் சொன்னதும், மாலை மாற்றுவதிலிருந்து மறுவீடு வரை இரண்டு கேமராக்களின் படங்களும் நடந்த வரிசையிலேயே கோத்துக்கொண்டன.

முகம் அறியும் வசதி 2020-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து, எடுத்துக்காட்டுகளிலிருந்து கணினி தானே கற்றுக்கொள்ளும் ஆழ்கற்றல் முறைக்கு மாறியது. ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வயதில், வெவ்வேறு கோணத்தில் உள்ள சில முகங்களுக்கு நாமே பெயர் கொடுத்துவிட்டால், மற்றவற்றை அது பரிந்துரைக்கும். நாம் ஒப்புக்கொண்ட பிறகே பெயர் உறுதியாகும். அம்மாவையும் சித்தியையும் அது இன்றும் சில நேரம் மாற்றிச் சொல்கிறது. அவர்கள் இருவரையும் தொலைபேசியில் நானே குரல் மாற்றிப் புரிந்துகொள்பவன் என்பதால் இதைக் குறையாகச் சொல்ல மனம் வரவில்லை. இந்த வேலை முழுவதும் நம் கணினியிலேயே நடப்பதால் குடும்பத்தாரின் முகங்கள் எந்த நிறுவனத்தின் சேவையகத்துக்கும் போவதில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

படத்தைத் திருத்துவதில் எனக்கு வேண்டியது கொஞ்சம்தான்: சாய்ந்ததை நிமிர்த்துவது, வெட்டுவது, நிறத்தைச் சரிசெய்வது. கல்யாண மண்டபங்களின் மஞ்சள் விளக்கில் எடுத்த படங்களுக்கு வெண்சமநிலைக் கருவி போதும். படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டினால் மற்ற நிறங்கள் தானாகச் சரியாகும். யாராவது கட்டியிருக்கும் பருத்தி வேட்டியின் நிழல்படிந்த மடிப்பைச் சொடுக்குவது என் வழக்கம். பட்டு வேட்டியைச் சொடுக்கக்கூடாது. அதன் இயல்பான சந்தன நிறத்தை வெள்ளை என்று எடுத்துக்கொண்டு படம் முழுவதும் நீலம் பாரித்துவிடும். திருத்திய படத்தைப் பெயரின் இறுதியில் '_v1' என்று சேர்த்துத் தனிக் கோப்பாகச் சேமிக்கும் முறையை டிஜிகாமில் வைத்துக்கொள்ளலாம். ஜேபெக் படத்தைத் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் சிறிது தரம் குறையும் என்பதால், மூலம் அப்படியே இருப்பது அவசியம்.

அச்சுக்குக் கொடுக்கும்போது படத்தை நாமே வெட்டிக் கொடுப்பது நல்லது. செல்பேசிப் படங்கள் பெரும்பாலும் 4:3 விகிதத்தில் இருக்கும். 4x6 தாளோ 3:2. அப்படியே கொடுத்தால் கிடைமட்டப் படத்தின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். பாட்டியின் எண்பதாவது பிறந்தநாள் கூட்டப் படத்தில் பின்வரிசையில் நின்ற நால்வருக்குப் பாதி நெற்றி இல்லாமல் போனது இப்படித்தான். பகிர்வதற்கு, டிஜிகாமின் தொகுதிச் செயலி நூறு படங்களையும் ஒரே கட்டளையில் சிறிதாக்கித் தருகிறது. பொதுவெளியில் போடும் படங்களிலிருந்து ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிடுகிறேன். குழந்தை முற்றத்தில் விளையாடும் படத்துக்குள் வீடு இருக்கும் இடமும் எண்களாகப் பதிந்திருக்கும்.

காப்பு நகலைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2013-இல் என் வெளிவன்தட்டு ஒன்று மேசையிலிருந்து விழுந்து நின்றுபோனது. அதில் மட்டுமே இருந்த ஐந்து மாதப் படங்கள் போய்விட்டன. இப்போது கணினியில் ஒன்று, வீட்டில் ஒரு வன்தட்டில் ஒன்று, தங்கை வீட்டில் ஒன்று என்று மூன்று இடங்களில் உள்ளன. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவள் வரும்போது தட்டு வந்துபோகிறது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் முதல் புதிய படங்களை 15 ஜிபி கணக்கில் சேர்ப்பதால், அதைப் பகிர்வதற்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

டிஜிகாம் எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்ல மாட்டேன். திறந்தவுடன் கண்ணில் படும் பலகைகளும் பொத்தான்களும் மிகுதி. எந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று பிடிபட எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. முதல் தடவை முழுத் தொகுப்பையும் படித்து முகங்களைத் தேடி முடிக்க, என் பழைய கணினியை இரண்டு இரவுகள் ஓடவிட வேண்டியிருந்தது. சில ஆயிரம் படங்களைச் செல்பேசியிலேயே பார்த்துக்கொள்பவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை.

சென்ற ஆண்டு பெரியம்மா காலமானார். கூடத்தில் மாட்ட 12x18 அளவில் ஒரு படம் வேண்டும் என்று பெரியப்பா கேட்டார். உறவினர்கள் கையில் இருந்ததோ வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வந்த நகல். நீளவாட்டில் 1,600 புள்ளிகள், அதாவது அந்த அளவில் அங்குலத்துக்கு 90-கூட இல்லை. பெரியம்மாவின் பெயரையும் 'கொலு' என்ற குறிச்சொல்லையும் சேர்த்துத் தேடினேன். ஒரு நிமிடத்துக்குள் மூலப் படம் கிடைத்தது. நீளவாட்டில் 4,608 புள்ளிகள். பக்கங்களை அளவோடு வெட்டி, பின்னாலிருந்த விளக்கின் மஞ்சளைக் குறைத்துக் கொடுத்தேன். அச்சாகி வந்த படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, "மூக்குத்திகூடத் தெரியுதேப்பா" என்றார். பிறகு உள்ளே போய், 1974-இல் நடந்த அவர்களுடைய கல்யாணத்தின் கறுப்பு வெள்ளை ஆல்பத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

அதைத்தான் இப்போது 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம், ஸ்கேன் செய்துவருகிறேன். ஸ்கேனர் ஒவ்வொரு படத்துக்கும் இன்றைய தேதியைப் போடுகிறது. அதை மாற்றி 1974 என்று எழுதுகிறேன். படங்களின் பின்பக்கத்தில் பெரியம்மா பென்சிலால் எழுதி வைத்திருக்கும் பெயர்களை, அவர் எழுதிய எழுத்திலேயே, விளக்கக் குறிப்பில் சேர்த்துக்கொண்டு வருகிறேன். இன்னும் இருபத்திரண்டு படங்கள் பாக்கி.