தோட்டத்து நீராவி எஞ்சின்: 14,000 ராண்டுக்கு வாங்கி ஆறு மாதம் குடைந்த பிறகு

தோட்டத்தில் தண்டவாளம் போட்டு ஓட்டும் சின்ன நீராவி ரயில் எஞ்சின் இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஆனால் வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துப் போட்டு அசத்தலாம் என்று நினைத்தால் என்னைப் போலவே ஏமாந்துபோவீர்கள். ஓட்டுவதற்கு இது நல்ல எஞ்சின்தான். படத்தில் ரயில் மாதிரி தெரிய வைக்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

இங்கே தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மரிட்ஸ்பர்கில் ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கியது. செம்பு பாய்லர், இரண்டு சிலிண்டர், நாலு சக்கரம், பியூட்டேன் கேஸ் அடுப்பு. கம்பெனி பேரை எழுதவில்லை, ஏனென்றால் பாதி எஞ்சின் இப்போது என் கைவேலை, அதற்கு அவர்கள் பொறுப்பில்லை. நிஜ ரயிலின் ஓர் அடி இதில் 16 மி.மீ. என்பதால் இரண்டடி அகலத் தண்டவாளம் 32 மி.மீ. ஆகிறது. நம் பக்கத்துப் போர்ட் ஷெப்ஸ்டோன்–ஹார்டிங் ரயில் பாதையும் இரண்டடியாகத்தான் இருந்தது. அங்கே ஓடிய காரட் (Garratt) என்ற பெரிய வகை எஞ்சின், எண் 143, பேயர் பீகாக் கம்பெனி மான்செஸ்டரில் 1958-ல் கட்டிய கடைசி நீராவி எஞ்சின், பிறகு வேல்ஸுக்குப் போய்விட்டது. அதன் நினைவாக என்னுடையதற்கு ௧௪௩ என்று தமிழ் எண்ணில் ஒரு பித்தளைத் தகடு அடித்தேன். இந்தச் சுண்டெலிக்கு அது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

சரி, ஓட்டம். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு ஏறியதும், சிலிண்டருக்கு நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரைத் தொட்டேனோ இல்லையோ, முயல் மாதிரி பாய்ந்து வளைவில் கவிழ்ந்தது. கணக்குப் போட்டால்தான் விஷயம் புரிகிறது: நிஜ ரயில் மணிக்கு 20 கி.மீ. போனால் இந்த அளவில் நொடிக்கு 30 செ.மீ.கூட வராது. அவ்வளவு மெதுவாக ஓட்ட, தண்ணீர்த் தொட்டிகளுக்குள் ஈயத் துண்டுகளை வைத்து எடையைக் கூட்டினேன், ரெகுலேட்டர் கைப்பிடியை இரண்டு மடங்கு நீளமாக்கினேன், பின்னால் நாலு கனமான வண்டிகளை மாட்டினேன். கைப்பிடியை நீட்டியதற்கு ஆன செலவு ஒரு பழைய சைக்கிள் கம்பி மட்டும், ஆனால் பலன் அதில்தான் அதிகம். சேஃப்டி வால்வில் மட்டும் கை வைக்கவில்லை, நீங்களும் வைக்காதீர்கள்.

சத்தத்தைப் பற்றி என் காதைத் திறந்தவர் பக்கத்து வீட்டு ஆயா. அவர் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தவர். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு, "தம்பி, இது தையல் மெஷின் சத்தம். ரயில்னா நாலு நாலா மூச்சு விடும்" என்றார். சரியாகத்தான் சொன்னார். இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னும் நீராவி, ஆகச் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நாலு மூச்சு. என் எஞ்சினில் அது பர்னரின் ஊளையில் அமுங்கிப்போயிருந்தது. பர்னருக்குக் கேஸ் பீய்ச்சும் சின்ன ஓட்டையான ஜெட்டைச் சுத்தம் செய்து தீயைக் குறைத்தேன், ஊளை அடங்கியது. அப்புறம் புகைபோக்கிக்குள் ஒரு பக்கம் அடைத்த சின்னப் பித்தளைக் குழாயை வைத்து, வெளிவரும் நீராவி அதன் வாயில் ஊதும்படி செய்தேன், புல்லாங்குழல் கணக்காக. இப்போது ஆயாவே வேலியருகே நாற்காலி போட்டுக்கொள்கிறார்.

படம் எடுக்க டர்பன் லேசான ஊர் இல்லை. ஜனவரிப் புழுக்கத்தில் நீராவி கண்ணுக்கே தெரியாது, எஞ்சின் ஏதோ பேட்டரியில் ஓடுவது போலிருக்கும். ஜூலை விடியற்காலை என்றால் வெள்ளையாகக் கொப்பளிக்கிறது, ஆனால் அந்தக் குளிரில் கேஸ் டேங்க் இன்னும் சில்லிட்டுத் தீ சோர்ந்துவிடுகிறது. டேங்கைச் சுற்றித் தகரத்தில் ஒரு தொட்டி செய்து கைபொறுக்கும் வெந்நீர் ஊற்றினேன், அதற்கப்புறம் பாய்லர் தண்ணீர் தீரும்வரை தீ தளரவில்லை.

போனைத் தண்டவாளத்தின் மட்டத்துக்கே இறக்கி வையுங்கள். நின்றபடி எடுத்தால் பொம்மை, படுத்து எடுத்தால் ரயில். நொடிக்கு 60 படம் எடுத்து 30-ல் ஓட்டினால், இணைப்புகளில் தடதடக்கும் ஆட்டம் பாதியாகி எடை வந்தது போல் தெரிகிறது. சத்தத்தைத் தனியாகப் பதிந்து சேர்க்க வேண்டும். எஞ்சின் புறப்படும்போது மட்டும் போனை முன்னால் வைக்காதீர்கள். சிலிண்டரில் குளிர்ந்து நிற்கும் தண்ணீரும் எண்ணெயும் புகைபோக்கி வழியே துப்பும். என் முதல் படத்தில் முதல் பத்து நொடிதான் ரயில், மீதியெல்லாம் லென்ஸில் வழியும் பழுப்பு எண்ணெய், அதற்குப் பின்னால் ஏதோ கறுப்பாக நகர்கிறது.

குரங்குகளைப் பற்றி எந்தக் கையேட்டிலும் இல்லை. டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திறந்த வண்டியில் சரக்காக நிலக்கடலை போட்டது என் முட்டாள்தனம். ஒன்று வந்து வண்டியையே தூக்கிக்கொண்டு மாமரத்தில் ஏறிவிட்டது. கடலை தீர்ந்ததும் வண்டியைக் கீழே போட்டது, ஒரு சக்கரம் இன்னும் கிடைக்கவில்லை.

மாற்றங்களுக்கு மேற்கொண்டு 1,100 ராண்டு ஆனது. ரம்பமும் பற்றவைப்பும் பழக்கமில்லாதவர்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது ரேடியோ கன்ட்ரோலோடு வருவதை வாங்குங்கள். பொறுமை இருந்தால் இதுவே போதும். அந்தக் குரங்குப் படம்தான் நான் எடுத்ததிலேயே கூர்மையாக வந்திருக்கிறது, அதில் எஞ்சின் கால்வாசிதான் தெரிகிறது.