டர்பன் துறைமுகம் வழியாகப் பூஜைப் பொருள் இறக்குமதி: பல ஆண்டு அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் உள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கத்துக் கோயில்களுக்கும் வீடுகளுக்கும் குத்துவிளக்கு, மணி, கற்பூரம், ஊதுவத்தி, விபூதி விற்கும் சிறிய கடை எங்களுடையது. சரக்கு எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து கடல் வழியாக டர்பனுக்கு வருகிறது. ஒரு கன்டெய்னரை முழுதாக நிரப்பும் வியாபாரம் எங்களுக்கு இல்லை. வேறு பலருடைய சரக்கோடு ஒரே கன்டெய்னரில் இடம் பிடித்துத்தான் கொண்டுவருகிறோம். பெரிய நிறுவனங்களுக்குத் தனி அலுவலர்கள் இருப்பார்கள். எங்களைப் போன்ற கடைகளில் முதலாளியே எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். டர்பன் சுங்கம் கறாரான இடம், ஆனால் புரிந்துகொள்ளக்கூடிய இடம். காகிதங்கள் சுத்தமாக இருந்தால் சரக்கு தடையின்றி வெளியே வருகிறது. தாமதமான சரக்குகளை யோசித்துப் பார்த்தால், பெரும்பாலும் அதற்கான காரணம் கப்பல் ஏறுவதற்கு முன்பே, கும்பகோணத்திலோ கோயம்புத்தூரிலோ எழுதிய இன்வாய்ஸில்தான் இருந்தது.

பதிவு செய்வது இப்போது எளிதாகிவிட்டது. தென்னாப்பிரிக்க வருவாய்த் துறையின் இ-ஃபைலிங் தளத்திலேயே இறக்குமதியாளராகப் பதிவு செய்துகொள்ளலாம். அந்தப் பதிவு எண் சுங்கத்துக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் உள்ளவருக்குப் பணம் அனுப்பப் போனால் வங்கியும் அதைத்தான் கேட்கும். முன்பணம் அனுப்பியிருந்தால், சரக்கு வந்து சேர்ந்ததற்கான சுங்க ஆவணத்தையும் பிறகு வங்கியில் காட்ட வேண்டும். இங்கே அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இனி கிளியரிங் ஏஜென்ட். சிறிய இறக்குமதியாளருக்கு ஏஜென்ட் இல்லாமல் நடக்காது. சுங்க அறிவிப்பை மின்னணு முறையில் தாக்கல் செய்வது அவர்தான். ஆனால் அது உங்கள் பெயரில் போகிறது. தவறு இருந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும். எங்களுக்கு முன்பு இருந்த ஏஜென்ட் ஒருவர் விளக்கு, மணி, சிலை, பாத்திரம் எல்லாவற்றையும் ‘பித்தளைப் பொருட்கள்’ என்று ஒரே வரியில், ஒரே குறியீட்டில் போட்டு அனுப்பினார். அதிகாரி ஆவணங்களைக் கேட்டார், பிறகு பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்றார். திறந்து பார்த்த செலவு, கிடங்கு வாடகை, திருத்த அறிவிப்புக்கான கட்டணம் எல்லாம் எங்கள் தலையில் விழுந்தன. தாக்கல் செய்த ஏஜென்டுக்கு ஒரு ரேண்ட் கூட நஷ்டம் இல்லை. இந்த ஏற்பாட்டை எந்த நாளும் என்னால் நியாயம் என்று ஏற்றுக்கொள்ள முடியாது.

அதற்குப் பிறகு, எந்தப் பொருளுக்கு எந்தக் குறியீடு என்ற வகைப்படுத்தலை நானே உட்கார்ந்து படித்தேன். உலகம் முழுவதும் பயன்படும் சுங்கக் குறியீட்டுப் பட்டியல், நம் பூஜை அறையைப் பல அத்தியாயங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. கோயில் மணியும் உலோகச் சிலையும் 8306. எண்ணெய் ஊற்றி ஏற்றும் குத்துவிளக்கு, மின்சாரம் இல்லாத விளக்கு என்ற கணக்கில் 9405. பித்தளைச் சமையல் பாத்திரம் 7418, எவர்சில்வர் பாத்திரம் 7323. ஊதுவத்திக்கு 3307.41, அந்த வரியில் ‘அகர்பத்தி’ என்ற பெயரே அச்சாகியிருக்கிறது. பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. நம் வீட்டுப் பொருள் ஒன்றைப் பட்டியல் எழுதியவர்கள் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார்கள். மாவு அரைக்கும் கிரைண்டரில் இன்னும் நுணுக்கம் உண்டு: வீட்டில் பயன்படுத்துவது 8509, உணவகத்துக்கான பெரிய இயந்திரம் 8438. இரண்டையும் ஒரே இன்வாய்ஸில் ‘வெட் கிரைண்டர்’ என்று மட்டும் எழுதினால் கேள்வி வருவது உறுதி.

துணியில் இந்த வேறுபாடு நேராகப் பையைத் தொடுகிறது. தைத்த ஆடைகளுக்குத் தென்னாப்பிரிக்காவில் இறக்குமதித் தீர்வை 45 சதவீதம். பெரும்பாலான துணிகளுக்கு 22 சதவீதம். உள்நாட்டு ஆடைத் தொழிலைக் காப்பாற்ற வைத்த வீதம் இது. டர்பன் ஆடைத் தொழிற்சாலைகளில் நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். வேட்டி, சேலை, பாவாடைத் துணி கொண்டுவர நினைப்பவர்கள் ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்வதை நம்பி இறங்க வேண்டாம். வருவாய்த் துறையிடம் எழுத்தில் வகைப்படுத்தல் தீர்மானம் கேட்டு வாங்கலாம். நேரம் எடுக்கும், ஆனால் கையில் அந்தக் கடிதம் இருக்கும்போது வியாபாரமே வேறு மாதிரி நடக்கிறது.

வரிக் கணக்கு பலரைக் குழப்புவதைப் பார்க்கிறேன். தென்னாப்பிரிக்கா சரக்கின் மதிப்பை எஃப்ஓபி அடிப்படையில் எடுக்கிறது. அதாவது ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றியது வரையிலான விலை. அதன் மேல் தீர்வை. பிறகு அந்த மதிப்போடு பத்து சதவீதம் கூட்டி, தீர்வையையும் சேர்த்து, மொத்தத்தின் மேல் மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம். 1,00,000 ரேண்ட் சரக்குக்குத் தீர்வை 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், தீர்வை 20,000. வரிக்கான அடிப்படை 1,00,000, 10,000, 20,000 சேர்ந்து 1,30,000. மதிப்புக் கூட்டு வரி 19,500. இன்வாய்ஸ் தொகையை 15 சதவீதத்தால் பெருக்கிப் பணம் ஒதுக்கி வைப்பவர்கள் கடைசி நாளில் தவிக்கிறார்கள்.

இதில் கப்பல் கூலி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு வியாபாரிகள் பலர் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக விலை சொல்வார்கள். அப்படியே இன்வாய்ஸ் வந்தால் கூலியைப் பிரித்துக் காட்ட வழி இல்லாமல், அதற்கும் சேர்த்துத் தீர்வை கட்ட நேரும். ‘அண்ணாச்சி, சரக்கு விலை ஒரு வரி, கப்பல் கூலி ஒரு வரி, காப்பீடு ஒரு வரி, தனித்தனியாகப் போட்டுத் தாருங்கள்’ என்று எங்கள் கும்பகோணத்து வியாபாரியிடம் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். ‘எல்லாம் ஒரே பணம்தானே தம்பி’ என்று அவரும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு, பிரித்துப் போட்டுத் தருகிறார். விலையைக் குறைத்துப் போடட்டுமா என்றும் சிலர் அன்பாகவே கேட்பார்கள். கூடவே கூடாது. வங்கி வழியாகப் போன தொகை ஒன்று, இன்வாய்ஸில் உள்ள தொகை ஒன்று என்றால் அது பொய்யான அறிவிப்பு. அபராதத்தோடு சரக்கும் போய்விடும்.

இன்வாய்ஸில் பொருளின் விவரத்தை எப்படி எழுதுவது என்பதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். ‘பூஜைச் சாமான் 40 பெட்டி’ என்பது அதிகாரிக்கு எதையும் சொல்லாத வரி. விபூதியை ‘புனிதச் சாம்பல்’ என்று மட்டும் எழுதினால், இந்த வெள்ளைப் பொடி என்ன, மூலப்பொருள் என்ன என்று கேட்கத்தான் செய்வார்கள். கேட்பது அவர்கள் கடமை. இப்போது எங்கள் இன்வாய்ஸில் ஒவ்வொரு பொருளுக்கும் எந்த உலோகம், என்ன உயரம், எத்தனை கிலோ, எதற்குப் பயன்படுகிறது என்று எழுதுகிறோம். ‘பித்தளைக் குத்துவிளக்கு, எண்ணெய் விளக்கு, மின்சாரம் இல்லை, உயரம் 60 செ.மீ., 24 எண்ணிக்கை’ என்று ஒரு வரி இருந்தால் அதிகாரி பெட்டியைத் திறக்காமலேயே பொருளைக் கண்ணால் பார்த்துவிடுகிறார். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று காட்டும் பேக்கிங் லிஸ்டிலும் அதே சொற்கள், அதே எண்ணிக்கை இருக்க வேண்டும்.

கற்பூரம் தனி அத்தியாயம். செயற்கைக் கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருளாக, ஐநா எண் 2717 கொண்ட ஆபத்தான சரக்காகக் கருதப்படுகிறது. அதற்கான அறிவிப்பும் உரிய பெட்டியும் இல்லாமல் மற்றப் பொருட்களுக்கு நடுவே செருகி அனுப்புவது சட்ட விரோதம். அதைவிட முக்கியமாக, கப்பலில் இருப்பவர்களின் உயிருக்கு ஆபத்து. ‘நாலு டப்பாதானே’ என்று சொல்லும் வியாபாரியோடு நான் உறவையே முறித்துக்கொள்வேன்.

பேக்கிங்கையும் பாருங்கள். சரக்கை அடுக்கும் மரத் தட்டுகளும் (பேலட்) மரப் பெட்டிகளும், மரத்தில் பூச்சி பரவாமல் தடுக்கும் ஐஎஸ்பிஎம் 15 என்ற பன்னாட்டு விதிப்படி பதப்படுத்தியவையாக இருக்க வேண்டும். மரத்தின் உட்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பது வெப்பப் பதப்படுத்தலின் கணக்கு. கதிர் போன்ற சின்னம், அருகே இந்தியாவுக்கான எழுத்துகள், பதப்படுத்திய நிறுவனத்தின் எண், முறையைக் குறிக்கும் எழுத்துகள் என்று முத்திரை மரத்திலேயே சுட்டுப் பதித்திருக்கும். அதைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகே பாக்கிப் பணத்தை அனுப்புகிறேன். வெண்கலச் சிலைகளை வைக்கோல் சுற்றிக் கட்டுவது நம் ஊர் வழக்கம். வைக்கோல் தாவரப் பொருள், பூச்சியும் விதையும் அதில் ஒளிந்து வரும். அட்டையும் பஞ்சுத் தாளும் போதும் என்று எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

சிலை வாங்குபவர்கள் இந்தியப் பக்கத்துச் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிலைகள் நாட்டை விட்டுப் போக முடியாது. புதிய சிலைக்கு அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொள்வது நல்லது. சுவாமிமலை ஸ்தபதிகளிடம் வாங்கினால் பெரும்பாலும் அவர்களே ஏற்பாடு செய்து தருவார்கள். மயில் இறகு வேண்டும் என்று காவடி காலத்தில் பலர் கேட்கிறார்கள். இந்தியாவிலிருந்து அதன் ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது. பக்தியின் பெயரால் அதை மீற நான் தயாராக இல்லை; கேட்பவர்களிடம் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

மின்சாரப் பொருளுக்கு இன்னொரு படி இருக்கிறது. கிரைண்டர், மிக்ஸி போன்றவற்றுக்குக் கட்டாயத் தரங்களை மேற்பார்வையிடும் என்ஆர்சிஎஸ் அமைப்பின் அனுமதிக் கடிதம் வேண்டும். பரிசோதனை அறிக்கையோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சரக்கு கப்பலில் வந்துகொண்டிருக்கும்போது விண்ணப்பிப்பது பயன் தராது.

பங்குக் கன்டெய்னரில் வருவதன் வலியையும் சொல்ல வேண்டும். உங்கள் காகிதம் சரியாக இருந்தாலும், அதே கன்டெய்னரில் வந்த வேறொருவரின் சரக்கில் சந்தேகம் எழுந்தால் எல்லோரும் காத்திருக்க நேரும். சோதனை தேவை என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் தவறே செய்யாத சிறிய வியாபாரி அந்த நாட்களுக்கும் கிடங்கு வாடகை கட்டுவது பெரும் சுமை. ஒரு பெட்டி ஊதுவத்தியின் லாபம் இரண்டு நாள் வாடகையில் கரைந்துவிடும். இதற்கு ஒரு விலக்கு முறை வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

நாட்கள் விஷயத்தில் எப்போதும் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலையில் கலவரம், அதே மாதத்தில் துறைமுகக் கணினிகள் மீது தாக்குதல். 2022 ஏப்ரலில் வெள்ளம். 2023 இறுதியில் துறைமுகத்துக்கு வெளியே வரிசையாகக் காத்து நின்ற கப்பல்கள். இவை எதற்கும் சுங்கம் காரணம் இல்லை. ஆனால் தைப்பூசம் யாருக்காகவும் தள்ளிப் போகாது. அதனால் தைப்பூசச் சரக்குக்கு ஆவணியிலேயே ஆர்டர் கொடுத்துவிடுகிறோம். ஈஸ்டர் சமயத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் விழாவுக்கு வேண்டியதும் அதே கப்பலில் வந்துவிடும்.

ஏற்றுமதி எங்களுக்குக் குறைவு. பொட்ஸ்வானாவுக்கு அவ்வப்போது விளக்கும் மணியும் அனுப்புகிறோம். அதுவும் தென்னாப்பிரிக்காவும் லெசோத்தோ, நமீபியா, எஸ்வாத்தினியோடு ஒரே சுங்க ஒன்றியத்தில் இருப்பதால் இடையில் தீர்வை இல்லை. ஆனாலும் எல்லையில் அறிவிப்பு தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு கோப்பு வைத்திருக்கிறேன்: இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு), வங்கிச் சீட்டு, சுங்க அறிவிப்பு, முத்திரையின் புகைப்படம். ஐந்து ஆண்டுகள் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. சரக்கு வெளியே வந்த பிறகும் தணிக்கைக்குக் கேட்பார்கள். ஏஜென்டிடம் இருக்கிறது என்று விட்டுவிடாமல், அறிவிப்பின் பிரதியை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கி, குறியீட்டையும் மதிப்பையும் உங்கள் இன்வாய்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கோப்பில் சேருங்கள்.