நாலு நாவல், நாலு இடறல்

நாலு பேர் நல்ல நாவல் என்று சொல்லி வாங்கிய புத்தகம் அறுபதாம் பக்கத்தில் குப்புறக் கிடப்பது எல்லார் வீட்டிலும் உண்டு. கேட்டால் ‘நடை கொஞ்சம் கடினம்’ என்பார்கள். பல நேரம் நடையின் மேல் பழி போடுவது அநியாயம். எந்த நாவலிலும் வாசிக்கிறவர் கால் இடறும் இடம் ஒன்று இருக்கும். அது எங்கே என்று முன்னமே தெரிந்தால் தாண்டிவிடலாம். அண்மையில் அடுத்தடுத்து வாசித்த நான்கு தமிழ் நாவல்களில் அந்த இடம் எது, தாண்டினால் என்ன கிடைக்கும், தாண்டியும் தேறாதது எது என்று பார்ப்போம். நான்கும் பழையவை, மறுபதிப்பாக வந்துகொண்டிருப்பவை.

பூமணியின் ‘வெக்கை’ (1982) இவற்றில் ஆகச் சுலபம். பதினைந்து வயதுச் சிதம்பரம், அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் எடுத்துவிடலாம் என்று போகிறான். வெட்டு வேறு இடத்தில் இறங்கி ஆள் செத்துப்போகிறான். இது ஆரம்பத்திலேயே முடிந்துவிடும். மிச்சம் முழுக்க அப்பனும் மகனும் ஒளிந்து திரிவதுதான். இடறலும் இங்கேதான். இதிலிருந்து எடுத்த ‘அசுரன்’ (2019) படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர் அடுத்த சண்டை எப்போது என்று காத்திருப்பார். வராது. படத்தின் பாரம் அப்பா தோளில். நாவலோ பையனை விட்டு நகராது. தண்ணீர் எங்கே மொள்வது, சோறு பொங்கினால் புகை தெரியுமா, ராத்திரி எங்கே தலை சாய்ப்பது என்பதில்தான் இங்கே பரபரப்பு. கொலை செய்த பையனுக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது, வீட்டு ஞாபகம் வருகிறது; அவனை வீரனாகவும் ஆக்காமல் பாவமாகவும் ஆக்காமல் கடைசிவரை பையனாகவே வைத்திருப்பது சாதாரண வேலை இல்லை. கரிசல் பேச்சு பழகாதவர்கள் முதல் ஐந்து பக்கத்தை வாய்விட்டுப் படிக்கட்டும், காது பிடித்துக்கொள்ளும். குறை என்றால் நடுப்பகுதி. இடம் மாறுவது, சாப்பாடு, பழைய நினைப்பு, தூக்கம் என்று ஒரே சுற்று திரும்பத் திரும்ப வரும். இரண்டே அமர்வில் முடித்தால் அது உறுத்தாது. தினம் பத்துப் பக்கம் என்று இழுத்தால் உறுத்தும்.

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ (1977) நேர் எதிர். வாக்கியம் ஒவ்வொன்றும் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும், ஆனால் பாதியில் விடுகிறவர்கள் இதில்தான் அதிகம் இருப்பார்கள் என்று தோன்றுகிறது. இடறல் இரண்டு. முதலாவது, ஆள் மாற்றம். சந்திரசேகரன் சில இடங்களில் ‘நான்’ என்று பேசுவான், சில இடங்களில் ‘அவன்’ ஆகிவிடுவான். முன்னறிவிப்புக் கிடையாது. இரண்டு பேர் கதை என்று நினைத்து முன்பக்கம் புரட்ட வேண்டாம், ஒரே பையன்தான். தனக்குத் தானே நடப்பதை எட்ட நின்று பார்க்கும் வயது அது. ‘நான்’ சொல்லும் பகுதியில் குறும்பும் கூச்சமும் தூக்கல்; ‘அவன்’ வரும்போது ஊர் பெரிதாகி அவன் சிறிதாகிவிடுவான். இந்தத் தாவலுக்கு ஒரு விதி கண்டுபிடித்துக்கொண்டு படிக்கத் தேவையில்லை. மூன்றாம் முறை வரும்போது கண் பழகிவிடும்.

இரண்டாவது, சரித்திரம். செகந்தராபாத் ரயில்வே குடியிருப்பு, கிரிக்கெட், சைக்கிள், கல்லூரி என்று போய்க்கொண்டிருக்கும்போதே ஊர் சரிந்துகொண்டிருக்கும். ஆசிரியர் எதையும் நிறுத்தி விளக்கமாட்டார். நான்கு தேதிகளை அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டால் போதும். 1947 ஆகஸ்ட்டில் ஹைதராபாத்தை ஆண்ட நிஜாம் இந்தியாவோடு சேரவில்லை. அந்த நவம்பரில் இருக்கும் நிலை அப்படியே தொடரட்டும் என்று ஓர் ஒப்பந்தம். 1948 ஜனவரி 30 காந்தி கொலை. 1948 செப்டம்பர் 13இல் இந்திய ராணுவம் உள்ளே வருகிறது, 17இல் நிஜாம் பணிகிறார். இடையில் காசிம் ரஸ்வி தலைமையில், நிஜாம் பக்கம் நின்று ஆயுதம் ஏந்திய ரஜாக்கர்கள். இவ்வளவு கையில் இருந்தால், பக்கத்து வீட்டுக்காரன் ஒருநாள் பேசாமல் போவதற்கு என்ன அர்த்தம் என்று தானாகப் புரியும். தெரியாமல் படித்தால் அது வெறும் பக்கத்து வீட்டுச் சண்டை.

கிரிக்கெட் பகுதி நீளம்தான். தள்ளிவிட்டுப் போகத் தோன்றும், தள்ளக்கூடாது. மட்டையையும் மைதானத்தையும் பங்கு போட்டுக்கொண்டவர்கள் பிறகு தெருவில் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்கான முதலீடு அந்தப் பக்கங்கள். கடைசிக் காட்சியை யாரிடமும் முன்கூட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள். தமிழில் அவ்வளவு குறைந்த சொல்லில் அவ்வளவு பெரிய அடி விழுந்த இடம் வேறு சட்டென்று நினைவுக்கு வரவில்லை. குறையும் உண்டு. வீட்டுப் பெண்கள் சமையற்கட்டின் குரலாகவே நின்றுவிடுகிறார்கள். அந்தக் கலவர மாதங்கள் அவர்களுக்கு எப்படிப் போயின என்பது நாவலுக்குள் வராமலே போய்விட்டது.

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ அதே 1977. சின்னப் புத்தகம், ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்தால் மாலைக்குள் முடிந்துவிடும். மணப்பாட்டுக் கடற்கரை, வல்லத்தையும் வீட்டையும் விற்க மனசு வராத குரூஸ் மிக்கேல், அவர் மகள் பிலோமி. பாயும் துடுப்பும் நம்பிய வல்லத்துக்கும் எந்திரம் வைத்த லாஞ்சுக்கும் நடக்கிற சண்டை பின்னணி. பெயர்கள்தான் ஆரம்பத்தில் தடுக்கும். போர்ச்சுக்கீசியர் காலத்தில், 1530களில், அந்தக் கரை கிறிஸ்தவமானதால் வந்த பெயர்கள் அவை. செபஸ்தி, மரியம்மை, ரஞ்சி, சாமிதாஸ் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதிவிடுங்கள், பத்து வரிக்கு மேல் போகாது. பிலோமிக்கும் ரஞ்சிக்கும் இடையில் வரும் பேச்சுகள் அருமை. ஆனால் எல்லாரும் எல்லாரையும் மன்னித்துக்கொண்டே இருக்கிறார்கள். கண்ணீர் ஒரு கரண்டி கூடிவிட்டது. மீன் விலை, கடன், பங்கு பிரிப்பு என்று அந்தத் தொழிலின் கணக்குவழக்கு இன்னும் கொஞ்சம் வந்திருந்தால் லாஞ்சுச் சண்டை மனசில் ஊன்றியிருக்கும்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) நான்கில் பெரியது, முரடானது, கிட்டத்தட்ட ஒப்பில்லாதது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சுமத்ரா, பினாங்கு. வட்டிக்கடைகளை நம்பிக் கப்பலேறிய தமிழர்கள். அவர்களில் ஒருவனான பாண்டியன். சிங்காரம் சுமத்ராவின் மெடான் நகரில் வேலை பார்த்தவர் என்பது ஒவ்வொரு தெருவிலும் தெரியும்.

முதல் இருபது முப்பது பக்கத்தில்தான் பலரும் விழுவார்கள். ஜப்பானியப் படை மெடானுக்குள் வரும் நாள். டச்சுத் தெருப்பெயர், மலாய்ச் சொல், செட்டிநாட்டுக் கடைப் பரிபாஷை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டும். ‘கெர்க் ஸ்ட்ராட்’ என்றால் மாதாகோயில் தெரு என்பது தெரியாவிட்டாலும் நஷ்டம் இல்லை. ‘ஸ்ட்ராட்’ என்றால் தெரு, ‘துவான்’ என்றால் ஐயா, ‘தொங்கான்’ என்றால் சரக்குத் தோணி. இந்த மூன்று போதும், மிச்சம் ஓட்டத்தில் பிடிபடும். மெடானை அடுத்த பிலாவான் துறைமுகத்துக்கும் பினாங்குக்கும் நடுவே மலாக்கா நீரிணை கிடக்கிறது என்று ஒருமுறை வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பிறகு கொள்ளையடித்தவர்களின் வெட்டிய தலைகளைப் பார்வைக்கு வைத்திருக்கும் காட்சி வரும். அங்கே சிங்காரம் அலறுவதில்லை, அரற்றுவதில்லை. கூட்டத்தில் நின்று எட்டிப் பார்க்கிறவனின் கண்ணால் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த நிதானம் பிடித்துவிட்டால் புத்தகத்தைக் கீழே வைக்கமாட்டீர்கள். கடலில் தொங்கான் மாட்டிக்கொள்ளும் புயல் அத்தியாயம் இன்னொரு வகை. வாக்கியமே அலை மாதிரி அடித்து, உடைந்து, மறுபடி எழும். மௌனமாகப் படித்தால் பாதிதான் கிடைக்கும்.

மதுவும் பேச்சுமாகப் போகும் அத்தியாயங்களில் சங்கப் பாட்டிலிருந்து சிலம்பு வரை எல்லாம் கிண்டலுக்கு உள்ளாகும். பழம்பெருமை பேசுகிறவர்களுக்குக் கொஞ்சம் எரியும். அந்தக் கிண்டல்தான் இந்த நாவலின் உப்பு. ஆனால் இரண்டு அத்தியாயம் தொடர்ந்து படித்தால் திகட்டும், ஒன்றோடு நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள்.

தேறாதது இரண்டு. பாண்டியன் எதைத் தொட்டாலும் ஜெயிக்கிறான்; பேச்சிலும், துப்பாக்கியிலும், பெண்களிடத்திலும். பின்பாதியில் இது சாகசக் கதையின் வாடையை ஏற்றிவிடுகிறது. பெண்கள் பெரும்பாலும் அவன் போகும் வழியில் வருகிற விடுதி விளக்குகள் மாதிரி. அணைந்ததும் கதை அவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இவ்வளவு கூர்மையான கண்ணுள்ள ஆசிரியர் அங்கே மட்டும் ஏன் பார்வையைத் திருப்பிக்கொண்டார் என்று எரிச்சல் வருகிறது.

இதை வாங்கும்போது ஒரு சோதனை: முதல் அத்தியாயத்தைக் கடையிலேயே இரண்டு பக்கம் பாருங்கள். ஒரே ஊர்ப்பெயர் இரண்டு விதமாக அச்சாகியிருந்தால் அந்தப் பதிப்பை வைத்துவிட்டு வேறு பதிப்பு கேளுங்கள். பிறமொழிப் பெயர் இவ்வளவு உள்ள நாவலில் மெய்ப்பு சரியில்லை என்றால் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை வழி தவறும்.